தாளில் நான் விட்டுவிட்ட வரி

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "குழம்பு தீயுதுடா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். குழம்பும் தீயவில்லை, ஒரு மண்ணும் தீயவில்லை. அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. உங்கய்யா பாம்பனில் வாங்கி வந்த பரோட்டாதான் மத்தியானத்துக்கு. நீ கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது, அதனால் ஓடினேன். எதற்கும் ஓடுகிறவள் இல்லை உன் அம்மா, அது உனக்கே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஊரில் நாலு பேர் கூடும்போது யாராவது உன் காதில் இதைப் போடுவார்கள். அதற்கு முந்தி நானே சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலில் உன் கேள்வி. நீ பெங்களூரில் செய்கிற வேலையை நம் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி என் வாய் வலித்துவிட்டது. "கம்ப்யூட்டர் படிச்சுட்டு அங்கன போயி கைடு எழுதுறானாமே" என்று உன் பெரியப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஒரு மென்பொருளை உபயோகிக்கிறவர்களுக்கு அதை எப்படி உபயோகிப்பது என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்தத் தீவிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது ஆஸ்பத்திரி நர்சுகளுக்கான ஒன்றுக்கு எழுதுகிறாய். நோயாளியை ஒரு கட்டிலில் இருந்து வேறு கட்டிலுக்கு மாற்றினால், மருந்து நேரம் என்று அடிக்கிற மணி, திரையைப் புதுப்பிக்கிற வரைக்கும் பழைய கட்டில் எண்ணையே காட்டும் என்றாய். அதை எழுத வேண்டும் என்பது உன் கட்சி. "அது உள்வேலை சம்பந்தப்பட்டது, நர்சுங்களுக்கு அவ்வளவு டெக்னிக்கலா வேண்டாம், பக்கம் கூடிப்போகுது" என்பது உன் மேனேஜர் கட்சி. "நீ என்னம்மா சொல்றே, எம்புட்டுச் சொல்லணும், எம்புட்டு விடணும்?" என்று விளையாட்டாகக் கேட்டாய். நீ விளையாட்டாகக் கேட்டாலும் நான் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது.

நம் கரை மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது நீ பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாய். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் என்று என்னைத்தான் அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். எந்த வள்ளம் எப்போது கடலுக்குப் போனது, யார் யார் போனார்கள், எப்போது திரும்பியது என்று பதிகிறதுதான் வேலை. அதற்குமுன் பெரிய நோட்டு இருந்தது. வள்ளம் போனால் ஒரு வரி எழுதுவோம், வந்தால் அந்த வரியில் கோடு போட்டு அடிப்போம். அடிக்காத வரி இருந்தால் அந்த வள்ளம் இன்னும் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் வரவேண்டியது உச்சி வரைக்கும் வரவில்லை என்றால் சங்கம் தேட ஆள் அனுப்பும், அது எங்கள் கட்டுப்பாடு. மதுரையில் இருந்து ஒருத்தர் வந்து இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். கூடவே இரண்டு விரல் கனத்துக்கு இங்கிலீஷில் ஒரு புத்தகமும் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு மாதம் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி, அந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுதினேன். தகவல் எங்கே போய் உட்காருகிறது, எந்தப் பட்டியல் எந்தப் பட்டியலோடு சேர்கிறது, மின்சாரம் போனால் உள்ளே என்ன ஆகும் என்று பதினாலு பக்கம். எனக்குத் தெரிந்தது அத்தனையும் அதில் இருந்தது. இப்போது யோசித்தால், எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் அதில் பாதியை எழுதியிருக்கிறேன். அப்போது என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் ஸ்டெல்லா. தையல் தைத்துக்கொண்டிருந்தவள், முப்பது வயசு, பத்தாவது வரைக்கும் படிப்பு, ஆனால் கெட்டிக்காரி, வாய்க்காரியும்கூட. மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள போன வள்ளமெல்லாம் கரைக்கு வந்துரும்க்கா."

ஆபீசே சிரித்தது. செயலாளர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பதினாலு பக்கத்தை யாரும் தொடவும் இல்லை. டீ கிளாஸ் வைக்கத்தான் உதவியது, ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட வட்டமாகக் கறை. கோபம் வந்தாலும் எனக்கு உறைத்தது. படிக்காத தாள் எழுதாத தாள்தான். ஆகவே, மகனே, உன் மேனேஜர் பக்கம் கூடாது என்கிறாரே, அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நர்சுக்குப் பாடம் நடத்தாதே. ஊசி போடப் போகிறவளை நிறுத்திவைத்துக் கதை சொல்கிறவனை எனக்கும் பிடிக்காது.

அப்புறம் ரோஷத்தோடு உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினேன். பதினோரு வரி. கம்ப்யூட்டரைப் போடு, இந்த எண்ணை அமுக்கு, வள்ளத்தின் நம்பரைப் போடு, வந்ததும் இதை அமுக்கு, வராத வள்ளங்களைப் பார்க்க இதை அமுக்கு. அவ்வளவுதான். பெரிய எழுத்தில் அடித்துக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஆத்தி, அந்தத் தாளுக்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும்! பக்கத்துக் கரைகளில் இருந்து வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லாவே, "இது தாள்க்கா, இப்பத்தான் மனுசி எழுதுன மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பன்னிரண்டாவதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அது என்ன வரி என்றால், வராத வள்ளங்கள் என்று நாம் அமுக்கினால் அந்த மெஷின் அன்றைய தேதியில் போனவற்றை மட்டும்தான் காட்டும். நம் ஆட்களுக்கு ஒரு நாள் என்பது வள்ளம் போய்த் திரும்பி வருகிறதுதானே? திங்கட்கிழமை மத்தியானம் போய்ச் செவ்வாய் காலையில் வந்தால் அது ஒரு நாள் தொழில். மெஷினுக்கு அப்படி இல்லை, தேதி மாறினால் நாள் மாறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அமுக்கினால் திங்கட்கிழமை போன வள்ளம் அதில் தெரியவே தெரியாது. முந்தின நாள் தேதியைக் கையால் போட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும். இதை மதுரைக்காரர் எனக்கு வாயால் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துகொண்டிருந்தேன்.

ஏன் அடித்தேன் என்கிறாயா? அந்த வரியைச் சேர்த்தால் தாள் இரண்டாம் பக்கம் போனது. எனக்கு ஒரே பக்கமாக வேண்டும், அழகாக வேண்டும். அதோடு, காலையில் நான்தானே இருக்கிறேன், ஸ்டெல்லாவுக்கு எதற்கு என்று நினைத்தேன். இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. என்னைப் பார்த்துச் சிரித்தாளே, பத்தாவது படித்தவள், மெஷினுக்கு நாள் எப்படி மாறுகிறது என்றால் இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். சுருக்கம் என்று பேர் வைத்துக்கொண்டு அவளை மட்டமாக எடைபோட்டேன், மகனே. உன் மேனேஜர் "நர்சுங்களுக்கு வேண்டாம்" என்றார் என்று நீ சொன்னபோது எனக்கு ஏன் தைத்தது என்று இப்போது புரிகிறதா?

நீ பன்னிரண்டாவது முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போனபோது, நானும் நீயும் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். நான்கு நாள். அந்த நான்கு நாளும் சங்கத்தில் ஸ்டெல்லா மட்டும்தான். திங்கட்கிழமை மத்தியானம் போன வள்ளங்களில் ஒன்று சூசையண்ணனுடையது. சூசையண்ணன் யார் என்றால் ஸ்டெல்லாவின் அக்கா பிலோமியின் வீட்டுக்காரர். வள்ளத்தில் மூன்று பேர். சாயங்காலமே நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. அதைக் கிளப்பப் போய் அண்ணனுடைய வலது கை உள்ளே மாட்டி நசுங்கிவிட்டது. வள்ளம் நீரோட்டம் இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பிலோமி சங்கத்துக்கு வந்து தங்கச்சியிடம் கேட்டிருக்கிறாள்.

"ஏட்டி, உங்க மச்சான் வள்ளம் வந்துருச்சா?"

ஸ்டெல்லா என் தாளைப் பார்த்து, அதில் இருக்கிறபடியே அமுக்கியிருக்கிறாள். பட்டியல் காலி. "வராத வள்ளமே இல்லைக்கா. எல்லாம் வந்துட்டதாத்தான் காட்டுது. மச்சான் அந்தப் பக்கம் மண்டபத்துல மீன இறக்கப் போயிருப்பாக, போயி வேலையப் பாரு." மத்தியானம் பிலோமி திரும்பவும் வந்தாள், திரும்பவும் அதே பதில். பழைய நோட்டாக இருந்தால் அடிக்காத வரி கண்ணில் குத்தியிருக்கும், உச்சிக்கே ஆள் போயிருக்கும். கம்ப்யூட்டர் சொல்கிறது, சொந்தத் தங்கச்சி சொல்கிறாள், பிலோமி நம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் விடிந்த பிறகுதான் சந்தேகம் வந்து தேடப் போனார்கள். சாயங்காலம் மூன்று பேரும் உயிரோடு கிடைத்தார்கள், மாதாவுக்கு ஸ்தோத்திரம். ஆனால் சூசையண்ணன் கை புரையோடிப்போயிருந்தது. மதுரையில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முந்தி கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிலோமியிடம் சொன்னாராம்.

நாம் வெள்ளிக்கிழமை திரும்பினோம். உனக்கு சீட் கிடைத்த சந்தோஷத்தில் நான் மிட்டாயோடு சங்கத்துக்குப் போனேன். அங்கே கமிட்டி உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். "பொறுப்பில்லாம அரட்டை அடிச்சுக்கிட்டு இருந்திருக்கா" என்று ஒருத்தர் கத்தினார். அவள் அழவில்லை. சுவரைக் காட்டினாள். "அக்கா எழுதுன தாளுல இருக்கபடிதான் பாத்தேன். அக்கா வந்துட்டாக, அவுகளையே கேளுங்க" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னது இது: "தாளு சரியாத்தான் இருக்கு."

பொய் இல்லை, பார். பதினோரு வரியும் சரிதான். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அதை ஒரு பொய்கூடச் சொல்லாமல் செய்தேன். என் வேலை, என் பேர், உன் படிப்பு எல்லாம் அந்த ஒரு நொடியில் கண் முன்னால் வந்தது. ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். போகிறதற்கு முன்னால் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த தாளின் அடியில் எழுதினாள். "விடிஞ்சதும் நேத்துத் தேதியும் போட்டுப் பாக்கணும். இல்லாட்டி நேத்துப் போன வள்ளம் தெரியாது." அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு நாளாகத் தானே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்குப் புரியாது என்று நான் நினைத்ததை என்னைவிடத் தெளிவாக எழுதினாள். அடுத்த வாரம் நான் புதிதாகத் தாள் அடித்தேன், அவள் வரியையும் சேர்த்து. "அக்கா உஷாரா சரிபண்ணிட்டாக" என்று செயலாளர் என்னைத்தான் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன். என்ன ஜென்மமோ நான்.

அதிலிருந்து பிலோமி தங்கச்சியோடு பேசவில்லை. ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. அவர்கள் அம்மா இறந்த அடக்கத்தில்கூட ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் நின்றார்கள். ஸ்டெல்லா திரும்பவும் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். நான் சங்கத்தில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எம்புட்டுச் சொல்லணும் என்றால், அளவு பக்கத்தில் இல்லை, ஏலே. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று நீ சொல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. அது எந்த இடத்தில் பார்க்கிறவளை ஏமாற்றும் என்று சொல்லாவிட்டால் முழுகிவிடும். அவள் ஒரு கணக்கில் நாளை எண்ணுகிறாள், மெஷின் வேறு கணக்கில் எண்ணுகிறது. அவளுக்குக் கட்டில் என்றால் ஆள் படுத்திருக்கிற இடம், உன் மெஷினுக்குக் கடைசியாகத் திரையில் இருந்த எண். இரண்டும் பிரிகிற இடத்தை எழுது. அது எவ்வளவு டெக்னிக்கலாக இருந்தாலும் எழுது. அவள் பாஷையில் எழுது, ஸ்டெல்லா எழுதின மாதிரி, இதைச் செய், செய்யாவிட்டால் இது தெரியாது என்று. அதற்காகப் பக்கம் கூடினால் வேறு நாலு பக்கத்தைக் கிழித்துப் போடு, கிழிக்கிறதற்கு எப்போதும் இருக்கும். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பக் கேள், எழுத்தில் கேள், நச்சரி. ஏனென்றால் தப்பு நடந்தால் கமிட்டி முன்னால் நிற்கப்போவது நீ இல்லை, அவரும் இல்லை. அந்த நர்சு. நீ எழுதின புத்தகத்தைக் காட்டிக்கொண்டு அவள் நிற்பாள், அதில் ஒரு எழுத்துகூடத் தப்பாக இருக்காது.

இதை உனக்கு எழுதிவிட்டு நான் சும்மா இருந்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றும். அதனால் உன் போனுக்கு அப்புறம், புதன்கிழமை, பிலோமி வீட்டுக்குப் போனேன். அவள் சூசையண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொத்தானில் இருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த ஒரு வரி உங்களுக்கு அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அன்னிக்கி கமிட்டியில வாயத் தொறந்திருக்கலாமே."

"தொறந்திருக்கலாம். பயந்துட்டேன்."

சூசையண்ணன்தான் பேசினார். "ஆறு வருசமாச் சொல்றேன், அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இருக்காதுன்னு. இவ கேட்டாளா? போங்க தாயி, போங்க. எனக்கு உங்க மேல கோவமில்லன்னு சொல்ல மாட்டேன், இன்னைக்கி போங்க." வந்துவிட்டேன். அடுத்த நாள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "முடிச்சுட்டீகளா?" என்றாள். முடித்துவிட்டேன் என்றேன். "கதவைச் சாத்திட்டுப் போங்க, தூசி வருது." சங்கத்துக்கும் என் கையெழுத்தில் கடுதாசி கொடுத்துவிட்டேன், அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கச் சொல்லி. அவர்கள் என்ன செய்கிறார்களோ செய்யட்டும். விஷயம் தெரிந்ததும் உங்கய்யா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இம்புட்டு நாளா எங்கிட்டக்கூடச் சொல்லலையே நீ" என்றார்.

ஆகவே கல்யாணத்தில் யாராவது உன் அம்மாவைப் பற்றிச் சொன்னால் சண்டைக்குப் போகாதே. சொல்கிறது உண்மை. மருமகளிடமும் நீயே சொல்லிவிடு, தாலி ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளட்டும், மாமியார் எப்படிப்பட்டவள் என்று.

கடிதத்தை நேற்றே முடித்து ஒட்டிவிட்டேன். சாயங்காலம் பிலோமி வந்தாள், அதனால் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். அவளுக்கு ஒன்று, ஸ்டெல்லாவுக்கு ஒன்று என்று உன் கல்யாணப் பத்திரிகையை உங்கய்யா கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் உள்ளே வரவில்லை. மடியில் இருந்து ஒரு பத்திரிகையை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாள். ஸ்டெல்லா பேர் எழுதியது.

"எங்களுக்கு எதுக்கு ரெண்டு?" என்றாள். "ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும். அவ உங்ககிட்டப் பேச மாட்டாளாம், சொல்லச் சொன்னா. எங்கூட வாரா."

பேசாவிட்டால் போகிறாள், மகனே. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி பந்தியில் இடம் போடச் சொல்.

உன் அம்மா